மரத்தை நான் வாங்குகிறேன்: டர்பன் கேம் மெஷின் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், ஐசிப்பிங்கோ பக்கங்களில் கேம் கடை நடத்துகிறவர்கள், டீ ரூம் (நம்மூர்த் தெருமுனைக் கடை) மூலையில் ஒரு மெஷினை இன்னும் நிற்க விட்டிருப்பவர்கள், கடையை மூடிவிட்டு மெஷினைக் கராஜில் பழைய போர்வை போட்டு மூடி வைத்திருப்பவர்கள்.

முதலாளிமார்களே, வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு ஷாப்பிங் சென்டரின் பின்பக்கம், சரக்கு இறக்கும் இடத்தில், காசு போட்டு ஆடும் வீடியோ கேம் மெஷின்கள் ஒன்பது மல்லாக்கக் கிடந்தன. எந்த சென்டர், யாருடைய கடை என்று எழுதப்போவதில்லை, அவருக்கே தெரியும். இரண்டு பையன்கள் பிளையரை வைத்துக்கொண்டு வயரை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் அடங்கிய எலெக்ட்ரானிக் போர்டுகளைப் பால் கிரேட்டில் அடுக்கியிருந்தார்கள். பிக்சர் டியூப்கள் குப்பைத் தொட்டிக்குள் போய் விழுந்து படார் படாரென்று வெடித்தன. மெஷின் பெட்டிகளின் மரம் ஒரு ஓரமாக விறகு மாதிரிக் குவிந்து கிடந்தது.

“அங்கிள், போர்டுக்கு வெளிநாட்டிலே ஆள் இருக்கு,” என்றார் பொறுப்பாக நின்றவர். “இந்த மரத்த எவன் வாங்குவான்?”

நான் வாங்குவேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். 1987-இல், பதினெட்டு வயதில், ஒரு டிவி ரிப்பேர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். கடை முதலாளிக்கு டீ ரூம்களில் மெஷின் விடுகிற தொழிலும் இருந்தது. மெஷின் அவருடையது, இடமும் கரண்டும் டீ ரூம்காரருடையது, கல்லாவில் விழுவது பாதிக்குப் பாதி. வெள்ளிக்கிழமைதோறும் பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். (வெளியூர்த் தமிழர்கள் யாராவது வாசித்தால்: பாக்கி என்பது இங்கே பின்பக்கம் திறந்த சின்ன வண்டி. கடன் பாக்கி வேறு, அதுவும் நிறைய இருந்தது.) சாட்ஸ்வர்த்தில் ஏறி இறங்கி, ஃபீனிக்ஸ் சுற்றி, சில வாரம் டோங்காட் வரைக்கும் போவோம். உங்களில் பலருடைய அப்பா கடைக்கு நான் வந்திருக்கிறேன். மிட்டாய் ஜாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நான் சில்லறை எண்ணுவதைக் கண் கொட்டாமல் பார்த்த பிள்ளை நீங்களாகவே இருக்கலாம்.

தமிழில் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். இரண்டு தடவையும் வக்கீல் நோட்டீஸ் மாதிரி வந்தது. உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது என்பது தெரியும். எனக்கே பேச்சு ஆயாவிடம் வந்தது, எழுத்து முப்பது வயதுக்கு மேல் கோயில் வகுப்பில் உட்கார்ந்து வந்தது. வீட்டுப் பிள்ளையைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்புகிறீர்கள் அல்லவா, அது வாசித்துக் காட்டட்டும். கட்டிய ஃபீஸுக்கு ஒரு பலன்.

விற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. கல்லாவைத் திறந்து பார்த்தவன் நான். கடைசிக் காலத்தில் சில மெஷின்களின் கல்லாவில் நாலு காயினும் ஒரு செத்த கரப்பானும்தான் இருக்கும். நல்ல ஆட்டக்காரன் ஒருத்தன் வந்தால் ஒரே காயினில் அரை மணி நேரம் மெஷினைப் பிடித்துக்கொள்வான். அதே இடத்தில் பொம்மை தூக்கும் மெஷினை வைத்தால் அரை நிமிஷத்துக்கு ஒரு காயின் விழும், பொம்மை விழாது. சென்டர்காரர்கள் தரையைச் சதுர மீட்டர் கணக்கில் அளந்து வாடகை கேட்கும்போது டிக்கெட் கொட்டுகிற மெஷினோடு கலாகா மாதிரிப் பழைய சுடும் ஆட்டம் எப்படிப் போட்டி போடும்? 1994-இல் ஜப்பானில் வெளியான பிளேஸ்டேஷன் இங்கே வீடுகளுக்குள் நுழைந்ததுமே டீ ரூம் மூலை பாதி காலி.

மிச்சத்தை லோட் ஷெடிங் பார்த்துக்கொண்டது. 2022, 2023-இல் அது உச்சத்தில் இருந்தபோது நான் மாற்றிய ஃப்யூஸுக்குக் கணக்கே இல்லை. கரண்டு போவதில் மெஷினுக்கு ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது ஒரு குதி குதித்து வருமே, அதில்தான் மானிட்டர் சர்க்யூட் போகும். அதே 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கிடங்கில் மெஷின்கள் இடுப்பளவு சேற்றில் நின்றன. பெட்டி செய்த சிப்போர்டு, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, தண்ணீர் குடித்தால் ரஸ்க் மாதிரி ஊதும். ஆக, விற்க வேண்டிய காரணங்களை நீங்கள் எனக்கு விளக்க வேண்டாம். பிரித்து விற்பதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

1983-இல் எனக்குப் பதினாலு வயது. டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகஸின் பாரக்ஸிலிருந்து சாட்ஸ்வர்த்துக்குக் கொண்டுவந்து இறக்கப்பட்ட குடும்பம் எங்களுடையது. இனம் பார்த்து ஊரைப் பிரித்த 1950-ஆம் ஆண்டுக் குரூப் ஏரியாஸ் சட்டம் போட்ட கோட்டுக்குள், ஒரே அச்சில் வார்த்த வீடுகள். யூனிட் நம்பர்தான் ஊர்ப் பெயர். எங்கள் வீட்டுக்கு மேலே மேட்டில் ஒரு டீ ரூம். கடற்கரையோரம் ராட்டினமும் கலர் விளக்கும் இருந்தன, ஆனால் அந்தப் பக்கம் நமக்கில்லை. 1989 கடைசியில்தான் கடற்கரைகள் எல்லாருக்கும் திறந்தன. தனித்தனி வசதிச் சட்டத்தை 1990-இல்தான் எடுத்தார்கள். அதுவரைக்கும் எங்களுக்கு உல்லாசம் என்றால் அந்த டீ ரூமின் குளிர்பானப் பெட்டிக்கும் பாரஃபின் டிரம்முக்கும் நடுவில் இருந்த ஒன்றரை அடி இருட்டுதான். அங்கேதான் கலாகா வந்து நின்றது. ஜப்பானில் நாம்கோ கம்பெனி 1981-இல் செய்த ஆட்டம்.

டிவியே இந்த நாட்டுக்கு 1976 ஜனவரியில்தான் வந்தது. அதில் இங்கிலீஷும் ஆஃப்ரிகான்ஸும் பேசினார்கள். நாம் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டியதுதான். டீ ரூம் பெட்டியில் குச்சியை இடது பக்கம் தள்ளினால் விமானம் இடது பக்கம் போனது. நான் சொன்னபடி கேட்ட முதல் திரை அது. வேறு யாரும் அப்போது நான் சொன்னபடி கேட்கவில்லை.

பருப்பு வாங்க அனுப்பிய காசு பெட்டிக்குள் போய்விட்டதென்று தெரிந்து ஆயா ஒரு நாள் மேடேறி வந்துவிட்டாள். அடிக்கத்தான் வந்தாள். வந்தவள் திரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“இன்னாடா இது, காச முழுங்கிக்கினு கத்துது?”

“மேலேர்ந்து பூச்சி வரும் ஆயா. அத சுடணும்.”

“சுட்டா இன்னா குடுக்கும்?”

“ஒண்ணும் குடுக்காது. இன்னும் பூச்சி வரும்.”

ஆயா கொஞ்ச நேரம் யோசித்தாள். “எங்கம்மா கரும்புத் தோட்டத்துல களை புடுங்குன கதைதான்,” என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் காதைத் திருகினாள்.

அந்த மூலைக்கென்று சட்டதிட்டங்கள் இருந்தன. அடுத்த ஆட்டம் உன்னுடையது என்றால் இருபது சென்ட் காசைத் திரைக்குக் கீழே கண்ணாடி விளிம்பில் வைக்க வேண்டும். புரோட்டியா பூ மேலே தெரிய வரிசையாக நிற்கும் காசுகள்தான் க்யூ. யாரும் அடுத்தவன் காசைத் தொட மாட்டார்கள். பக்கத்துக் கடைக் கண்ணாடியை உடைக்கிற பையன்கள்கூட அதைத் தொட்டதில்லை. பின்னாளில் நான் வாரிக் பஸ் ராங்க் பக்கத்து டீ ரூம்களுக்குச் சர்வீஸுக்குப் போனபோது அங்கேயும் இதே க்யூ. உம்லாசி ஜூலுப் பையனும் நம் பையனும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடுவார்கள். ஒருத்தன் பாஷை மற்றவனுக்குத் தெரியாது. திட்டுகிற வார்த்தைகள் மட்டும் இரண்டு பேருக்கும் தெரியும்.

திருட்டும் இருந்தது. கேஸ் அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரைப் பிரித்து, அந்தக் கிளிக் பொறியைக் காயின் கதவில் வைத்து அடித்தால் மெஷின் காசு விழுந்ததாக நினைத்துக்கொண்டு கிரெடிட் கொடுத்துவிடும். நானும் செய்திருக்கிறேன். நாலு வருஷம் கழித்து, அதே காயின் கதவுக்கு எர்த் வயர் போட்டு அந்தத் திருட்டை நிறுத்தியவனும் நான்தான். இன்னொரு பாவத்தையும் ஒப்புக்கொள்கிறேன். மெஷின் போர்டில் டிப் சுவிட்ச் என்று குட்டிக் குட்டியாக ஒரு வரிசை இருக்கும். கலாகாவில் அதை மாற்றினால் மூன்று உயிர் இரண்டாகிவிடும். பள்ளிக்கூட லீவு தொடங்குகிற வெள்ளிக்கிழமை எங்கள் முதலாளி, “கொஞ்சம் கடுசாக்கு தம்பி,” என்பார். ஆக்கியிருக்கிறேன். அந்த டிசம்பர் மாதங்களில் சீக்கிரம் செத்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

இனி மரத்துக்கு வருகிறேன்.

ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ முழு மெஷினாக வந்தது எங்கள் தொழிலில் குறைவு. எங்கள் முதலாளி போர்டை மட்டும் வாங்குவார். 1985-இல் ஜப்பான் கம்பெனிகள் சேர்ந்து ஜாமா என்று ஒரு பொது இணைப்பு முறையைக் கொண்டுவந்தன. அம்பத்தாறு முனை உள்ள ஒரே சாக்கெட். பழைய போர்டைப் பிடுங்கிப் புதிய போர்டைச் செருகினால் ஆட்டம் மாறிவிடும், பெட்டி அப்படியே இருக்கும். அந்தப் பெட்டியைச் செய்தவர் சமையலறை அலமாரி செய்கிற நம்மூர்த் தச்சர். அதனால்தான் உங்கள் அப்பா கடை மெஷினின் பக்கவாட்டில் உங்கள் அம்மா கிச்சனில் இருந்த அதே மரக்கோட்டு ஃபார்மைக்கா இருந்தது. அலமாரி வேலையில் மிஞ்சியது மெஷினுக்கு வந்தது.

நெற்றிப் பலகையும் பக்கப் படமும் எழுதியவர், கோயில் திருவிழாவுக்குப் போர்டு எழுதுகிற ஆர்ட்டிஸ்ட். ஒரிஜினல் படத்தை அவர் பார்த்ததில்லை. திரையில் ஓடுவதை ஐந்து நிமிஷம் பார்ப்பார், வீட்டுக்குப் போய் எழுதிக்கொண்டு வருவார். ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற சண்டை ஆட்டத்தின் நாயகன் ரியூவை அவர் எழுதியபோது மதுரைவீரன் மீசை வைத்தார். டபுள் டிராகனுக்கு அவர் போட்ட இரண்டு பாம்பில் ஒன்றுக்கு மயில் கழுத்து. ஸ்ட்ரீட் ஃபைட்டர் செய்த கேப்காம் கம்பெனிக்காரர்கள் பார்த்திருந்தால் கேஸ் போட்டிருப்பார்கள், அல்லது காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள்.

இப்போது சொல்லுங்கள். கலாகா போர்டு உலகத்தில் எத்தனையோ இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து லக்கோனியாவில் ஃபன்ஸ்பாட் என்ற இடத்தில் பழைய மெஷின்களுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. கரண்டு போட்டு, காசு போட்டு ஆடலாம். நியூயார்க்கின் நவீனக் கலை மியூசியம் 2012-இல் 14 வீடியோ கேம்களைத் தன் சேகரிப்பில் எடுத்துக்கொண்டது, பேக்மேனும் அதில் ஒன்று. நீங்கள் உங்கள் போர்டைச் சுத்தியலால் உடைத்தால்கூட கலாகா சாகாது. ஆனால் மதுரைவீரன் மீசை வைத்த ரியூ எந்த ஊர் மியூசியத்தில் இருக்கிறான்? அவனை அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு துண்டாகப் பார்த்தேன். மீசை இருந்த துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இன்னொன்று. அந்தக் காலத்துப் பெரும்பாலான போர்டுகளுக்கு ஞாபகசக்தி கிடையாது. கலாகாவில் நீங்கள் எவ்வளவு பெரிய ஸ்கோர் அடித்து மூன்றெழுத்தில் பெயர் போட்டாலும், ராத்திரி கடையை மூடிக் கரண்டை நிறுத்தினால் காலையில் எல்லாம் துடைத்திருக்கும். பையன்களுக்கு இது தெரியும். அதனால் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து காம்பஸை எடுத்து மெஷினின் விலாவில் கீறி வைத்தார்கள். பெயர், ஸ்கோர், தேதி. சிலர் கூடவே ஒரு பெண் பெயர். அந்தப் பெயரை வேறொருத்தன் வந்து அடித்திருப்பான். நான் சர்வீஸுக்குப் போன ஒரு மெஷினில் 1984-இலிருந்து 1991 வரைக்கும் தேதி இருந்தது. அதற்குள் உள்ளே போர்டு மூன்று தடவை மாறிவிட்டது. பெயிண்ட் அடித்து மறைக்கச் சொன்னார்கள். நான் அடிக்கவில்லை, பெயிண்ட் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பையன்களில் சிலர் இன்று தாத்தா. சிலர் இல்லை. வெளிநாட்டு ஆள் காசு கொடுத்து வாங்கிப் போவது எல்லாவற்றையும் மறந்துபோன போர்டை. குப்பைத் தொட்டிக்குப் போனதோ அந்த விலாப் பலகை.

காப்பி போர்டு விஷயமும் இதே மாதிரிதான். நம்மிடம் இருந்ததில் பாதிக்கு மேல் டூப்ளிகேட், ஒளிக்க ஒன்றுமில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டாம் பாகம் 1991-இல் வந்தது, அடுத்த வருஷம் சாம்பியன் எடிஷன். அதை எங்கேயோ எவனோ உடைத்து உள்ளே கை வைத்து, ரெயின்போ என்று பெயர் சொல்கிற ஒரு திருட்டுப் பதிப்பை உலகம் பூராவும் விட்டான். அதில் ஆகாயத்தில் பறந்துகொண்டே நெருப்பு விடலாம். ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் சண்டைக்கு நடுவிலேயே ஆள் மாறலாம். அந்தக் கூத்தைச் சமாளிக்கத்தான் கேப்காம் 1992 டிசம்பரில் வேகத்தைக் கூட்டி ஹைப்பர் ஃபைட்டிங் பதிப்பை இறக்கியது. நம்மூர்ப் பையன்கள் பார்த்து வளர்ந்தது ரெயின்போவை. பிறகு ஒரு பையன் வீட்டுக்குக் கன்ஸோல் வாங்கி, ஒழுங்கான ஒரிஜினலை ஆடிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். “அங்கிள், கடைக்காரன் ஏமாத்திட்டான். இது டூப்ளிகேட்டு. ரொம்ப மெதுவா இருக்கு, நெருப்பே வரல.” வெளிநாட்டில் போர்டு சேர்க்கிறவர்கள் ஒரிஜினல் முத்திரையைத் தேடுகிறவர்கள், காப்பி போர்டைப் பத்துக்கு ஒன்பது பேர் கையால் தொட மாட்டார்கள். அன்றைக்கு அந்தப் பால் கிரேட்டில் ஏறாத போர்டுகள் எல்லாம் இவைதான். மரத்தோடு சேர்த்து இவற்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெட்டியை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிக்சர் டியூப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, தட்டைத் திரை வைத்து, அறுபது கேம் அடங்கிய சீன போர்டு ஒன்றைச் சொருகி, ஓரத்தில் எல்ஈடி ஒட்டி, கிரிக்கெட் பார்க்கிற ரூமில் வைக்கிறீர்கள். ஆசைதான், புரிகிறது. பழைய ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற மேம் என்ற மென்பொருளை 1997-இல் நிக்கோலா சால்மோரியா என்கிற இத்தாலிக்காரர் தொடங்காமல் இருந்திருந்தால் பல ஆட்டங்கள் சிப்போடு மட்கிப் போயிருக்கும். அவருக்குக் கும்பிடு. ஆனால் அதற்குப் புதுப் பெட்டி செய்துகொள்ளுங்கள். தச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள், வேலை இல்லாமல் இருக்கிறார்கள். பேக்மேன் குச்சி நாலு திசைக்கு மட்டும் போகும்படி செய்தது. எட்டுத் திசைக் குச்சியை மாட்டினால் மூலை திரும்பும் இடத்தில் பேய் பிடித்துவிடும். துப்பாக்கி ஆட்டங்களில் அந்தக் காலத்துத் துப்பாக்கி, டியூப்பில் ஒளி ஓடுகிற நேரத்தைப் பார்த்துத்தான் குறியைக் கண்டுபிடிக்கிறது. தட்டைத் திரைக்கு முன்னால் அதற்குக் கண் தெரியாது. டியூப் இப்போது புதிதாக யாரும் செய்வதில்லை. அன்றைக்கு ஒன்பது வெடித்தது. கேட்டிருந்தால் ஒன்பதையும் தோளில் தூக்கிக்கொண்டு போயிருப்பேன், என் முதுகு இருக்கிற நிலையிலும்.

நியோ ஜியோ வைத்திருப்பவர்களுக்கு, அதாவது கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் போட்டு 90-களில் சம்பாதித்தவர்களுக்கு: உங்கள் மெஷினை விற்றாலும் விற்காவிட்டாலும் இந்த வாரமே திறந்து பாருங்கள். 1990-இல் எஸ்என்கே செய்த அந்த போர்டில் ஒரு பேட்டரி இருக்கும். பழசானால் அதிலிருந்து திரவம் கசிந்து போர்டின் செம்புக் கோட்டைத் தின்னும். கேப்காமின் சிபிஎஸ் இரண்டு வகை போர்டுகள், 1993-இலிருந்து வந்தவை, இன்னும் மோசம். ஆட்டத்தைத் திறக்கிற சாவியே பேட்டரி தயவில் இருக்கிறது. பேட்டரி செத்தால் ஆட்டமும் செத்தது. நாங்கள் அதைத் தற்கொலை பேட்டரி என்போம். அதற்கு வைத்தியம் உண்டு, செய்யத் தெரியும், காசு வேண்டாம்.

அம்மாமார்களுக்கு மெஷின் என்றாலே கசப்பு என்பதும் தெரியும். 90-களின் தொடக்கத்தில் பல டீ ரூம்களில் இதே மூலையிலிருந்து பபுள் பாபுள் மாதிரி ஆட்டங்களைத் தூக்கிவிட்டுச் சூதாட்ட மெஷினை வைத்தார்கள். சம்பளக் கவரோடு உள்ளே போன அப்பாக்கள் கவர் இல்லாமல் வெளியே வந்தார்கள். தேசியச் சூதாட்டச் சட்டம் 1996-இல்தான் வந்தது. அந்த மெஷின்களை நானும் ரிப்பேர் செய்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூடக் காப்பாற்றச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை.

சரி, மியூசியம் எதற்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். கேட்டுப் பார்க்கலாம். 1860 நவம்பர் 16-இல் ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்கள் கதையைச் சொல்ல டர்பனில் 1860 பாரம்பரிய மையம் இருக்கிறது. அங்கே ஒரு மெஷினுக்கு மூன்றடிக்கு மூன்றடி இடம் கேட்டு எழுதத்தான் போகிறேன். ஆனால் சட்டத்தை நம்பி உட்கார முடியாது. 1999-ஆம் ஆண்டுப் பாரம்பரிய வளச் சட்டப்படி 60 வயதுக்கு மேலான கட்டடத்தை அனுமதி இல்லாமல் இடிக்கக் கூடாது. கட்டடத்துக்குச் சரி. காசு போட்டு ஆடும் வீடியோ கேம் கடைக்கு வந்ததே 1971-இல், அமெரிக்காவில். மூத்த மெஷினுக்கே இன்னும் அறுபதாம் கல்யாணம் ஆகவில்லை. டர்பன் ஈரக்காற்றில் சிப்போர்டு அறுபது வருஷம் தாங்காது. சட்டம் தேடி வருகிற நாளில் அள்ளிக் கொடுக்க மாவுதான் இருக்கும்.

எங்கள் வீட்டில் ஆயாவின் அம்மிக்கல்லை, மிக்ஸி வந்த வருஷம், கோழிக் கூண்டுக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்தோம். பிறகு எங்கே போனதென்று தெரியாது. என் தங்கை இப்போது அப்படி ஒரு அம்மியைப் பழைய சாமான் கடை கடையாகத் தேடுகிறாள், தோட்டத்தில் வைக்க. கிடைக்கிறது, ஆனால் எல்லாம் யார் யாருடைய ஆயாவின் அம்மியோ.

எனக்கு வேண்டியது இதுதான். விற்கிற முடிவு எடுத்ததும், பிளையரை எடுக்கும் முன்னால், ஒரு மாதம் எனக்குச் சொல்லுங்கள். முழு மெஷினாகக் கொடுத்தால் பழைய சாமான் வியாபாரி என்ன கொடுப்பானோ அதைக் கொடுக்கிறேன். பேரம் பேச மாட்டேன். நல்ல ஒரிஜினல் போர்டுக்கு வெளிநாட்டில் நல்ல விலை வருகிறது, பிள்ளைக்கு யுனிவர்சிட்டி ஃபீஸ் கட்ட வேண்டும் என்றால், போர்டை அங்கே அனுப்பிவிடுங்கள், வருத்தமில்லை. அதைப் பிடுங்கும்போது வயரை நறுக்காதீர்கள். அந்த ஐம்பத்தாறு முனை சாக்கெட்டைக் கையாலேயே இழுக்கலாம், வந்துவிடும். டிப் சுவிட்ச் எப்படி நிற்கிறதென்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் செய்த அக்கிரமத்துக்கு அதுதான் சாட்சி. மிச்சத்தை, அதாவது பெட்டி, டியூப், காயின் கதவு, காப்பி போர்டு, ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் எல்லாவற்றையும், எனக்கு விட்டுவிடுங்கள். பெயிண்ட் அடிக்காதீர்கள். மேல் ஸ்டிக்கரைச் சுரண்டாதீர்கள். அதற்குக் கீழே இன்னொரு ஆட்டமும், அதற்குக் கீழே ஆர்ட்டிஸ்ட் கையும் இருக்கும்.

வைக்க இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஒரு நண்பரின் டீ ரூம் ஐந்து வருஷமாக மூடிக் கிடக்கிறது. கவுண்டர் கம்பி வலைகூட அப்படியே இருக்கிறது. இப்போதைக்கு நாலு மெஷின் ஓடுகிறது, இரண்டு ரிப்பேரில் இருக்கிறது. சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் வருகிறார்கள். காசு வாங்குகிற காயின் மெக்கை மாற்றவில்லை, இருபது சென்ட்தான். முதல் வாரம் ஒரு பெண் பிள்ளை கலாகாவில் செத்ததும் திரையை விரலால் தேய்த்தது, ஃபோன் மாதிரி. இரண்டாம் வாரம் காசைக் கண்ணாடி விளிம்பில் வைத்துவிட்டு வரிசையில் நின்றது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முன்னால் நின்ற பையன் வைத்ததைப் பார்த்திருக்கிறது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, மடலுக்குச் சம்பந்தமில்லாதது. பின்கதவைத் திறந்தால் டியூப்பின் முதுகில் ஒரு ரப்பர் கிண்ணம் தெரியும். அதைத் தொடாதீர்கள். இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் அதில் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்சம் தங்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பையன்களுக்கு ஒன்றும் ஆகாதது அவர்கள் அதிர்ஷ்டம்.

கதவு பூட்டியிருந்து சாவி தொலைந்திருந்தால் கடப்பாரையை எடுக்க வேண்டாம். முதலாளி தொழிலை மூடிய அன்று சாவிக்கொத்தை என்னிடம் போட்டுவிட்டுப் போனார். இன்னும் அது என் பாக்கியில், சீட்டுக்குக் கீழே இருக்கிறது. எந்தச் சாவி எந்த டீ ரூம் என்று அவர் கையெழுத்தில் துண்டுத் துண்டாகப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. பாதி அழிந்துவிட்டது. கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை வரும் மெஷின்காரத் தம்பி
சாட்ஸ்வர்த்